பக்கத்து வேலைத்தளமும் நம் பாடசாலையும்: மாணவரைத் தொழிலுக்குத் தயார்படுத்தும் கூட்டு முயற்சியை எப்படித் தொடங்குவது?

ஓ.எல். எனும் சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை சில மாதங்கள் கிடக்கும். மலையகத்தில் நம் பிள்ளைகள் பலர் கைநழுவிப் போவது அந்த மாதங்களில்தான். தெரிந்த ஒருவர் கொழும்பில் கடை வேலை இருக்கிறது என்பார். பிள்ளை பஸ் ஏறிவிடும். நல்ல பெறுபேறு வந்தாலும் படிப்புக்குத் திரும்புவது அபூர்வம். அதற்குள் ஒரு தொழிலின் அறிமுகத்தையும் அடுத்த படிப்புக்கான வழியையும் அந்தப் பிள்ளைக்குக் காட்டிவிட வேண்டும். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. பஸ்ஸில் அரை மணி நேரத்துக்குள் இருக்கும் ஒரு வேலைத்தளம் போதும். தொழில் வழிகாட்டல் பொறுப்பைப் புதிதாக ஏற்ற ஆசிரியர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

1. சுற்றுவட்டாரத்தைப் பட்டியலிடுங்கள்

10ஆம், 11ஆம் வகுப்பு மாணவரோடு உட்கார்ந்து எழுதுங்கள். தலவாக்கலை என்றால் தேயிலை ஆராய்ச்சி நிலையம், மேல் கொத்மலை அணைக்கட்டு. நுவரெலியா என்றால் ஹோட்டல்கள், ஹக்கல தாவரவியல் பூங்கா, மரக்கறிப் பண்ணைகள். அம்பேவெலயில் பால் பண்ணை. ஹட்டன் டவுனில் கராஜ், அச்சகம், வங்கி. சின்ன இடம் என்று எதையும் ஒதுக்க வேண்டாம்.

ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில், அங்கே வேலை செய்யும் பழைய மாணவர் அல்லது பெற்றோர் யார் என்று குறியுங்கள். அலுவலகத்தில் நம் பழைய மாணவி ஒருத்தி இருந்தால், கடிதம் யாருக்குப் போக வேண்டும் என்பதை அவளே சொல்லிவிடுவாள்.

2. ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

பெரும்பாலும் அது தேயிலை பெக்டரியாகத்தான் இருக்கும். உடனே பெற்றோர், "லயத்தில் பிறந்த பிள்ளை மறுபடியும் தேயிலைக்கா?" என்று கேட்பார்கள். கொழுந்துக்கூடை சுமந்த தாய், தன் மகள் அந்தப் பக்கமே போகக்கூடாது என்று நினைப்பது முழுக்க நியாயம். அந்தக் கேள்விக்கு மதிப்புக் கொடுத்துப் பதில் சொல்லாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

பெற்றோர் கூட்டம் வைத்து, பெக்டரிக்குள் என்னென்ன வேலை இருக்கிறது என்று விளக்குங்கள். கொழுந்தை வாட்டும் தொட்டிகளுக்குக் காற்றடிக்கும் விசிறிகளைப் பராமரிக்க மின்னியலாளர் வேண்டும். இலையை உருட்டும் ரோலர் இயந்திரம் பழுதானால் ஃபிட்டர் வேண்டும். அரைத்த இலை எவ்வளவு நேரம் நொதிக்க வேண்டும், எப்போது உலர்த்தும் இயந்திரத்துக்குள் போக வேண்டும் என்று முடிவெடுப்பவர் டீமேக்கர். வெப்பநிலை, ஈரப்பதம், மணம், நிறம் எல்லாம் அறிந்தவர் அவர். நம் விஞ்ஞானப் பாடம் அங்கே உயிரோடு நடக்கிறது. அப்புறம் தரம் பிரித்தல், கணக்கு, களஞ்சியம். பொதி கட்டிய தூள் போய்ச் சேரும் கொழும்பு ஏலம் 1883இல் தொடங்கியது. அங்கே தேயிலையைச் சுவைத்து மதிப்பிடுவதே ஒரு தனித் தொழில். இதையெல்லாம் ஒரு டீமேக்கர் வாயாலேயே பெற்றோர் கேட்டால் இன்னும் நல்லது.

3. சின்னதாக, சரியான நேரத்தில் கேளுங்கள்

"மாணவருக்கு உதவி வேண்டும்" என்று பொதுவாக எழுதினால் கடிதம் மேசை லாச்சிக்குள் போய்விடும். "12 மாணவர், ஒரு புதன்கிழமை காலை, உங்கள் மின்னியலாளரும் டீமேக்கரும் தலா அரை மணி நேரம் பேச வேண்டும்" என்று எழுதுங்கள். தோட்ட முகாமையாளர் உடனே பதில் சொல்லக்கூடிய கேள்வி அது. அதிபர் கையெழுத்தும், வலயக் கல்விப் பணிமனையின் அனுமதியும் முன்கூட்டியே இருக்கட்டும்.

ஏப்ரலில் நுவரெலியா ஹோட்டல்களைக் கேட்காதீர்கள். வசந்தகால சீசனில் அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஏப்ரல், மே மாதங்களில் கொழுந்து குவியும் பெக்டரிகளும் அப்படித்தான்.

4. நிபந்தனைகளை எழுத்தில் வையுங்கள்

முதல் வருகை நன்றாக நடந்தால் ஒன்றிரண்டு வாரப் பயிற்சி பற்றிப் பேசலாம். இங்கே விட்டுக்கொடுக்கக் கூடாத விஷயங்கள் உண்டு. இலங்கையில் வேலைக்கு அமர்த்தும் குறைந்தபட்ச வயது 2021இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. 18 வயதுக்குக் குறைந்தவர்களை அபாயகரமான வேலையில் ஈடுபடுத்தக் கூடாது. ஆகவே ஓடும் இயந்திரத்தில் கை வைப்பது, இரவு முறை இரண்டும் வேண்டவே வேண்டாம். ஆள் வராத நாளில் மாணவரை அந்த இடத்தில் நிறுத்தக் கூடாது என்றும் எழுதுங்கள். பயிற்சி என்ற பெயரில் இலவசமாக வேலை வாங்க யாரையும் அனுமதிக்க முடியாது. பொறுப்பான ஆள் யார், விபத்து நடந்தால் செலவு யாருடையது, பெண் பிள்ளைகள் எத்தனை மணிக்கு பஸ் ஏற வேண்டும், மண்சரிவு எச்சரிக்கை வந்த நாளில் என்ன செய்வது என்பதும் அதில் இருக்கட்டும். பெற்றோரின் கையெழுத்தும் அவசியம்.

5. நாட்குறிப்பு

ஒவ்வொரு மாணவரும் தினமும் ஒரு பக்கம் எழுத வேண்டும். பார்த்தது, செய்தது, புரியாதது. கூடவே அங்குள்ள ஒருவரிடம், "இந்த வேலைக்கு வர நீங்கள் என்ன படித்தீர்கள்?" என்று கேட்டு அந்தப் பதிலையும் எழுதட்டும்.

6. தகைமையோடு இணையுங்கள்

அனுபவம் மட்டும் போதாது, சான்றிதழ் வேண்டும். தேசிய தொழில் தகைமை, அதாவது என்.வி.கியூ., 1 முதல் 7 வரை படிப்படியாகப் போகிறது. 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்ட நிலை. 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தின் தொழிற்பாடத் துறையில் ஓ.எல். சித்தியடையாதவரும் சேரலாம். தொழில் பழகிக்கொண்டே தகைமை பெற, நைட்டா எனும் அரச தொழிற்பயிற்சி அதிகாரசபையின் பயிலுநர் பயிற்சி இருக்கிறது. ஹோட்டல் துறை என்றால் பண்டாரவளையில் சுற்றுலா, ஹோட்டல் முகாமைத்துவ நிறுவனத்தின் கிளை உண்டு. எந்தப் பாடநெறி தமிழ் மொழியில் நடக்கிறது என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பிரதேச செயலகத்தில் உள்ள மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரைப் பாடசாலைக்கே அழைக்கலாம்.

7. அவர்கள் சொல்வதையும் கேளுங்கள்

பயிற்சி முடிந்ததும் வேலைத்தளத்தாரிடம் பிள்ளைகளுக்கு எது போதவில்லை என்று கேளுங்கள். சிங்களத்தில் பேசத் தயக்கம், அளவை அலகுகளில் தடுமாற்றம், கணினியில் அட்டவணை போடத் தெரியாமை என்று ஏதாவது சொல்வார்கள். அதை அந்தந்தப் பாட ஆசிரியரிடம் கொண்டுபோய் அடுத்த தவணையிலேயே சேர்க்கப் பாருங்கள். ஆறு மாதம் கழித்து ஒவ்வொரு பிள்ளையும் எங்கே படிக்கிறது, எங்கே வேலை செய்கிறது என்று ஒரு பட்டியல் எடுத்து, அதன் பிரதியை முகாமையாளருக்கு அனுப்புங்கள். அடுத்த ஆண்டுக்கான கோரிக்கைக் கடிதத்தையும் அதே உறைக்குள் வைத்துவிடலாம்.