மடக்கு விசிறியில் பிளம் கிளை வரையும் முறை

சீனத்தில் சுங் அரச மரபின் காலத்தில் (960–1279) விசிறி ஓவியம் என்றால் பெரும்பாலும் பட்டு இழுத்துக் கட்டிய வட்ட விசிறிதான். மடக்கு விசிறி பின்னர் வந்த மிங் அரச மரபின் காலத்தில் பரவலாகி, சூசௌ நகரத்து ஷென் சௌ, வென் ஷெங்மிங், தாங் யின் ஆகிய ஓவியர்களின் கையில் தனிக்கலையாக வளர்ந்தது. வரைவதற்குக் கடினமானதும் இதுவே. பரப்பு வில்லாக வளைந்திருப்பதோடு, மடிப்புகளும் தூரிகையை இடறிவிடும்.

ஆகவே, புதிதாகக் கற்பவர் குச்சிகள் கோத்த விசிறியை வாங்காமல், மடிக்காத விசிறித் தாளில் தொடங்குவதே நல்லது. படிகாரமும் வச்சிரப் பசையும் கலந்த நீர் பூசிய சுவான் தாளில் (சீன ஓவியத்துக்கான தாள்) ஒரு துளி நீர் விட்டால் அது ஊறாமல் சற்று நேரம் நிற்கும். பூசாத தாள் உடனே உறிஞ்சிப் பரப்பிவிடும் என்பதால், தயங்கித் தயங்கி வரையும் கைக்கு அது ஒத்துவராது. கோத்த விசிறியில்தான் வரைந்தாக வேண்டுமென்றால், அதை முழுவதும் விரித்துப் பலகையில் கவ்விகளால் இறுக்கி, தூரிகையின் ஈரத்தைத் துணியில் ஒற்றிய பிறகே வரைய வேண்டும். இல்லையெனில் மை பள்ளங்களில் வழிந்து தேங்கும்.

மைக்கல்லில் சிறிது நீர் விட்டு மைக்கட்டியை மெதுவாக வட்டமாகத் தேய்த்து, அடர்மை, நடுமை, வெளிர்மை என மூன்று கிண்ணங்களில் பிரித்துக்கொள்ளுங்கள். கிளையை ஒரு பக்க ஓரத்திலிருந்து தொடங்கி, வில்லின் வளைவோடு இசைந்து போகவிடுங்கள். நட்ட நடுவில் நிறுத்திய மரம் விசிறியை இரண்டாகப் பிளந்துவிடும். தூரிகையைச் சாய்த்து, உலர்ந்த அடர்மையால் கிளையை இழுக்கும்போதே பூக்கள் வரப்போகும் இடங்களை வெறுமையாக விட வேண்டும். பிறகு ஒவ்வோர் இதழையும் வெளிர்மையால் இரண்டு கோடுகளில் வளைத்து, ஐந்து இதழ்கள் முடிந்ததும் மகரந்தத் தாள்களையும் புல்லிவட்டத்தையும் அடர்மையால் புள்ளியிடுங்கள். எல்லாப் பூக்களும் நம்மைப் பார்த்து மலர்ந்திருக்கக் கூடாது. சில பக்கவாட்டில் திரும்பியும் சில மொட்டாகவும் இருக்கட்டும்.

வண்ணம் சேர்ப்பதாயின் மெல்லிய பூச்சே போதும். கனிமப் பொடி வண்ணங்களைத் தடிமனாக அப்பினால் மடிக்கும்போது விளிம்புகளில் உதிர்ந்துவிடும். பழைய விசிறித் தாள்கள் பலவற்றைச் சேகரிப்போர் குச்சிகளிலிருந்து பிரித்துத் தொகுப்பேடுகளில் ஒட்டிவைத்ததற்கு, மடித்து விரிப்பதால் வரும் இத்தகைய தேய்மானமும் ஒரு காரணம்.

கிளை எட்டாத வெற்றிடத்தில் பெயரெழுதி முத்திரை இடுங்கள். முத்திரையின் சிவப்புப் பசை எண்ணெயில் குழைத்தது என்பதால் காய நாளாகும். அதுவரை விசிறியை மடக்க வேண்டாம்.