தொடரியல் பிழைகளைத் திருத்தும் முறை

நிரல்மொழியின் இலக்கண விதிகளை மீறும் தொடரியல் பிழையால் நிரல் ஓடாமல் நின்றவுடன் கண்ட இடத்தையெல்லாம் மாற்றத் தொடங்காமல், திரையில் வந்துள்ள பிழைச் செய்தியை முதலில் முழுமையாகப் படிக்க வேண்டும். பல பிழைகள் வரிசையாக வந்திருந்தால், முதலாவதை மட்டும் திருத்திவிட்டு நிரலை மீண்டும் இயக்குவது நல்லது. மற்றவற்றில் பல அதன் விளைவாகவே தோன்றியிருக்கும்.

செய்தி சுட்டும் வரி எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. சி மொழியில் 7ஆம் வரியின் இறுதியில் அரைப்புள்ளி விடுபட்டால், அடுத்த சொல்லைப் படித்த பிறகே குறையை உணரும் கம்பைலர் (நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்), பாவம், 8ஆம் வரியைக் குற்றம் சாட்டுவதும் உண்டு. பைத்தான் மொழியிலும் மூடப்படாத அடைப்புக்குறிக்கு இதே நிலைதான் இருந்தது. 2021இல் வெளிவந்த 3.10 பதிப்பு முதல், எந்த அடைப்புக்குறி மூடப்படவில்லை என்பதை அதுவே நேரடியாகச் சொல்லிவிடுகிறது. ஆகவே, சுட்டிய வரியில் தவறு தென்படாவிட்டால் அதற்கு மேலுள்ள வரிகளைப் பார்க்கவும்.

வேறு ஆவணத்திலிருந்து நகலெடுத்த நிரலில் வளைந்த மேற்கோள் குறிகள் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். பார்வைக்குச் சரியாகவே தெரிவதால் புதியவர்களை வெகுநேரம் அலைக்கழிக்கும் இக்குறிகளை அழித்துவிட்டு, நிரல் எடிட்டரிலேயே நேரடியாகத் தட்டச்சு செய்ய வேண்டும். டேப்பும் இடைவெளியும் கலந்த உள்தள்ளலையும் (வரியின் தொடக்கத்தில் விடும் வெற்றிடம்) அவ்வாறே நீக்கி, ஒவ்வொரு நிலைக்கும் 4 இடைவெளிகள் என்று சீராக அமைக்கலாம்.