பூஸ்டில் இறங்கிய பெட்ரோல் அழுத்தம்: கோளாறு எர்த்தில் இருந்தது

பெட்ரோல் அழுத்தக் கோளாறு ஒருவழியாகச் சரியாகிவிட்டது. டர்போ போட்ட கார். ஐட்லிங்கில், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸைக் கழற்றிப் பார்த்தால் 3 பார், முள் அசையாது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம், பைன்டவுனுக்கு மேலே ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் 1 பார் பூஸ்ட் (டர்போ தள்ளும் கூடுதல் காற்றழுத்தம்) வந்ததும், அதையும் சேர்த்து 4 காட்ட வேண்டியது 3.3-க்கு இறங்கி நடுங்கும். கலவை லீனாகும் (காற்றுக்குப் பெட்ரோல் போதாது), அப்படியே மிதித்தால் பிஸ்டன் போய்விடும்.

ஃபில்டர், ரெகுலேட்டர், பம்ப் மூன்றையும் மாற்றினேன். பலனில்லை, நான்கு நாள் வீண்.

பம்ப் முனையில் வோல்ட் பார்த்தது ஐட்லிங்கில்: 13.2. அதை நம்பியதுதான் தப்பு. அழுத்தம் ஏற ஏற பம்ப் இழுக்கும் கரண்டும் ஏறும்; ஒயரின் குறை அப்போதுதான் வெளியே வரும். மல்டிமீட்டர் ஒயரை உள்ளே நீட்டி, பக்கத்து சீட்டில் ஒருவரை உட்காரவைத்துப் பார்த்தேன். பூஸ்டில் 10.9. அதே நேரம் பேட்டரியில் 13.9. தொலையும் 3 வோல்ட்டில் எர்த் பக்கத்தில் (பம்பின் மைனஸைக் கார் பாடியோடு சேர்க்கும் இணைப்பு) மட்டும் 1.8.

எர்த் போல்ட்டின் தலை பளபளவென்று இருந்தது. கழற்றினால் வளையத்துக்கு அடியில் பச்சையாக உப்புப் பூத்திருந்தது. டர்பன் கடற்காற்றின் வேலை.

பாடி தகடு மின்னும்வரை தேய்த்து, புது வளையம் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். பிளஸ்ஸுக்கு பேட்டரியிலிருந்து நேராக 4 சதுர மி.மீ. ஒயர், பேட்டரியை ஒட்டியே 20 ஆம்பியர் ஃபியூஸ், பிறகு 30 ஆம்பியர் ரிலே (சிறு கரண்டில் இயங்கும் சுவிட்ச்). ரிலேயைத் தூண்டப் பழைய பம்ப் ஒயரையே கொடுங்கள்; எஞ்சின் நின்றால் அதில் கரண்டும் நிற்கும். சாவியிலிருந்து எடுத்தால், விபத்தில் எஞ்சின் நின்ற பிறகும் பம்ப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

இப்போது அதே ஏற்றத்தில் பம்பில் 13.5 வோல்ட், முள் 4 பாரில் நிற்கிறது.