கோதுமையில் மஞ்சள் துரு: மருந்துக்கு முன்னே கவனிக்க வேண்டியவை

பஞ்சாபின் மலையடிவார மாவட்டங்களில் குளிரும் ஈரமும் சேரும் நாட்களில், கோதுமை இலையில் வரிவரியாகப் படிந்து, தேய்த்தால் விரலில் ஒட்டும் மஞ்சள் பொடியே மஞ்சள் துரு நோயாகும். தழைச்சத்தை அளவுக்கு மீறி இட்டதால் பயிர் அடர்ந்து, இலை நெடுநேரம் ஈரமாக இருக்கும் வயலில் அது விரைந்து பரவும். ஊர் முழுவதும் ஒரே ரகத்தை விதைப்பது அதைவிட ஆபத்தானது என்பது என் கருத்து. வட இந்தியாவில் பெரும்பரப்பில் பயிரான பி.பி.டபிள்யூ 343 என்ற கோதுமை ரகம் இந்நோய்க்கு எதிர்ப்பை இழந்தபோது பாதிப்பும் பரவலாக இருந்தது. துருப் பூசணம் உயிருள்ள பயிரில்தான் வளரும் என்பதால், அறுவடைக்குப் பின் வயலில் எஞ்சும் தாளை எரிப்பதால் பயனில்லை. ஆனால் சில இலைப்புள்ளி நோய்கள் கோதுமைத் தாளிலேயே தங்குவதால், அவற்றுக்குப் பயிர்ச் சுழற்சி உதவும். எதிர்ப்புள்ள இரண்டு மூன்று ரகங்களைப் பிரித்து விதையுங்கள். ஜனவரியில் வாரந்தோறும் வயலைச் சுற்றிப் பாருங்கள்.