சிறு ஊர் போலீஸ் படங்கள்: எந்த வரிசையில், எதைக் கவனித்துப் பார்ப்பது?

கொலைகாரன் யார் என்று மட்டும் தேடிக்கொண்டு இந்தப் படங்களுக்குள் போனால் பாதியிலேயே சலித்துவிடும். கவனிக்க வேண்டியது ஸ்டேஷனை: எத்தனை பேர் இருக்கிறார்கள், யார் எழுதுகிறார், தடயம் யார் கையில் கெடுகிறது. கண் பழக ஒரு வரிசை சொல்கிறேன்.

படி 1: தொண்டிமுதலும் த்ருக்ஸாக்ஷியும் (2017, மலையாளம்)
கொலையே இல்லாத படத்தில் தொடங்குங்கள். பஸ்ஸில் செயினைப் பறித்தவன் அதை விழுங்கிவிடுகிறான். காசர்கோட்டில் ஒரு ஸ்டேஷனே அது வெளியே வரக் காத்திருக்கிறது. நிஜப் போலீஸ்காரர்கள் பலர் நடித்திருப்பதால் ஸ்டேஷன் பேச்சும் நடையும் அப்படியே இருக்கும். டப்பிங்கில் பார்த்தால் அது போய்விடும்; மூல ஒலி, சப்டைட்டில் போதும்.

படி 2: ஃபார்கோ (1996)
தொடக்கத்தில் 'உண்மைக் கதை' என்று வரும் அறிவிப்பை நம்ப வேண்டாம். நாயகி அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து பிரெய்னர்ட் ஊர்க் காவல் தலைவி, கர்ப்பிணி. இறந்த போலீஸ்காரரின் நோட்டில் இருந்த 'டிஎல்ஆர்' என்ற குறிப்பை உதவியாளர் வண்டி எண் என்று நினைக்கிறார். அது டீலர் பிளேட், அதாவது கார் விற்பனையாளரின் வண்டிக்கான தகடு என்று தலைவி பிடித்துவிடுகிறார். ஒரு வரிக் குறிப்பை ஒழுங்காகப் படித்ததில் வழக்கு நகர்கிறது.

படி 3: மெமரீஸ் ஆஃப் மர்டர் (2003, கொரியா)
பெரும்பாலோர் இதில்தான் முதலில் கை வைத்து, முடிவு பிடிபடாமல் எரிச்சலாகிறார்கள். 1986 முதல் 1991 வரை ஹ்வாசோங் பகுதியில் நடந்த கொலைகளை வைத்து எடுத்தது. படம் வந்தபோது வழக்கு துலங்கவில்லை. அதனால் கைதை எதிர்பார்க்காமல் உட்காருங்கள். வேலை எங்கெங்கே உடைகிறது என்று பாருங்கள்: காலடித் தடத்தின் மேல் டிராக்டர் ஏறுகிறது, ஆள் கேட்டால் படை ஆர்ப்பாட்டத்தை அடக்கப் போயிருக்கிறது, உள்நாட்டில் வசதி இல்லாமல் டிஎன்ஏ மாதிரி அமெரிக்காவுக்குப் போகிறது. ஒவ்வொன்றுக்கும் யார் பொறுப்பு என்று கேட்டுக்கொண்டே போனால் அந்தக் கடைசிக் காட்சி புரியும்.

இருட்டுக் காட்சிகள் நிறைய. டிவியில் 'விவிட்' மோடை மாற்றி 'சினிமா' மோடு வையுங்கள். மோஷன் ஸ்மூத்திங்கை (அசைவை வழவழப்பாக்கும் டிவி வசதி) அணைத்துவிடுங்கள். அது இருந்தால் மழைக் காட்சிகள் சீரியல் போல ஆகிவிடும்.

பின்சேர்க்கை (படம் பார்த்த பிறகு படிக்கவும்): 2019இல் டிஎன்ஏ வழியே குற்றவாளி அடையாளம் தெரிந்தது. வேறொரு கொலைக்காக 1994 முதல் சிறையில் இருந்தவர் அவர். ஆனால் ஹ்வாசோங் கொலைகளுக்கான வழக்குக் காலவரம்பு 2006இலேயே முடிந்திருந்தது. போலீஸ் அடித்து வாங்கிய வாக்குமூலத்தால் இன்னொருவர் சுமார் 20 ஆண்டு சிறையில் கிடந்தார்; 2020இல்தான் அவர் நிரபராதி என்று தீர்ப்பு வந்தது. படத்தின் விசாரணை அறைக் காட்சிகளை இதற்குப் பின் மறுபடி பாருங்கள். சிரித்த இடங்களில் சிரிப்பு வராது.

படி 4
'இன்சோம்னியா'. நார்வேயில் 1997இல் வந்ததை முதலில், 2002 அமெரிக்க மறுஆக்கத்தைப் பிறகு. முதலாவதில் போலீஸ்காரர் மேல் இரக்கம் வருவது கடினம்; அதனாலேயே அது உசத்தி. தமிழில் தொடர 'ரைட்டர்' (2021) எடுங்கள், ஸ்டேஷனில் எழுதுபவர்தான் அதில் நாயகன்.