கணினிப் பழுதுக்கு இணையத்தில் விடை தேடும் முறை

சம்பா பயிர்க் காப்பீட்டுக்காகச் சிட்டாவும் அடங்கலும் அச்செடுக்கக் கும்பகோணத்துக் கணினிக் கடையில் வரிசை நீளும் வேளையில் அச்சுப்பொறி நின்றுவிட்டால், ‘பிரிண்டர் வேலை செய்யவில்லை’ என்று கூகுளில் தேடுவது வீண். அச்சுப்பொறியை இயக்கும் ‘டிரைவர்’ மென்பொருள்களின் விளம்பரங்களே முன்னால் வந்து நிற்கும். திரையில் தோன்றும் பிழைச்செய்தியை எழுத்துப் பிசகாமல் இரட்டை மேற்கோளுக்குள் இட்டு, மாடல் எண்ணையும் விண்டோஸ் பதிப்பையும் சேர்த்துத் தேடுங்கள். அந்தச் செய்தியில் உங்கள் கோப்பின் பெயர் இருந்தால், அதை மட்டும் தேடலிலிருந்து நீக்கிவிடுங்கள். முடிவுகளைக் கடந்த ஓராண்டுக்கு வரையறுப்பது நல்லது, ஏனெனில் விண்டோஸ் 7-க்குச் சொன்ன அமைப்பு 11-இல் பெரும்பாலும் அதே இடத்தில் இராது. தேடலில் வரும் கேள்வி-பதில் பக்கங்களில் ‘சரியாகிவிட்டது, நன்றி’ என்று எழுதிவிட்டு, எப்படி என்பதைச் சொல்லாமல் போனவர்மீது எரிச்சல் வரும் (எனக்கும் வரும்), கடந்து செல்லுங்கள். அச்சு வரிசையில் கோப்பு சிக்கியிருந்தால், விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில் பிரிண்ட் ஸ்பூலரை (அச்சு வரிசையைக் கவனிக்கும் சேவை) நிறுத்தி, ஸ்பூல் கோப்புறைக்குள் உள்ள பிரிண்டர்ஸ் கோப்புறையைக் காலிசெய்து, ஸ்பூலரை மீண்டும் இயக்குங்கள்.