பார்ட்டிகிளா, பிரிப்பொசிஷனா? பொருளைப் பார்க்காதீர்கள், சோதித்துப் பாருங்கள்

ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியங்கள்: 'ஹீ ரேன் அப் எ ஹில்' (மலைமேல் ஓடினான்), 'ஹீ ரேன் அப் எ பில்' (பில் தொகையை ஏற்றிக்கொண்டான்). வெளித்தோற்றம் ஒன்றுதான். ஆனால் சொற்கள் எப்படிச் சேர்கின்றன என்று காட்டும் மர வரைபடம் வேறு. முதலாவதில் 'அப் எ ஹில்' ஒரே தொடர், 'அப்' பிரிப்பொசிஷன் (பெயர்ச்சொல்லோடு சேர்ந்து அதற்கு முன் வரும் சொல்). இரண்டாவதில் 'அப்' பார்ட்டிகிள், அதாவது வினையோடு சேர்ந்த சிறு சொல். 'எ பில்' தனிச் செயப்படுபொருள்.

முதலில் பெயர்ச்சொல்லை எடுத்துவிட்டு 'இட்' போடுங்கள். பில்லுக்கு 'ரேன் இட் அப்' மட்டுமே சரி, ஹில்லுக்கு 'ரேன் அப் இட்' மட்டுமே சரி. இருப்பதிலேயே நம்பகமான சோதனை இதுதான். அடுத்து, வினைக்குப் பின் 'குவிக்லி' நுழைத்துப் பாருங்கள். 'ரேன் குவிக்லி அப் எ ஹில்' வரும், பில்லுக்கு வராது. முன்நகர்த்தலும், அதாவது தொடரை வாக்கியத்தின் தொடக்கத்துக்குக் கொண்டுவருவதும், உதவும்: 'அப் விச் ஹில் டிட் ஹீ ரன்?' சரி, 'அப் விச் பில்' தவறு.

பலர் சறுக்குவது 'லுக் ஆஃப்டர்' (கவனித்துக்கொள்) போன்றவற்றில். பொருள் மரபுத்தொடர் போல இருப்பதால் 'ஆஃப்டர்' பார்ட்டிகிள் என்று எழுதிவிடுகிறார்கள். 'லுக் ஹிம் ஆஃப்டர்' என்று யாரும் சொல்வதில்லையே! ஆகவே அது பிரிப்பொசிஷன்தான். இங்கே 'ஆஃப்டர் ஹூம்' என்று முன்நகர்த்தினால் செயற்கையாக ஒலிக்கும். மரபுத்தொடர்கள் இறுகியவை என்பதே காரணம். அந்த ஒரு சோதனையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். 'புட் அப் வித்'தில் (பொறுத்துக்கொள்) இரண்டும் உண்டு: 'அப்' பார்ட்டிகிள், 'வித்' பிரிப்பொசிஷன்.

இப்படிப்பட்ட கேள்விக்கு எழுதும் விடையில் குறைந்தது இரண்டு சோதனைகளைக் காட்டுங்கள். தவறான வாக்கியத்தையும் முன்னால் நட்சத்திரக் குறியிட்டு எழுதுங்கள். உங்கள் பகுப்பாய்வுக்கு அதுதான் சான்று.